கிணற்றுமேடும் செவ்வாய்க் குழியும்

செவ்வாய்க் கிரகப் படங்களில் விண்கல் குழிகளை அளந்து குறிக்கும் வேலைக்கு வருகிற கோவை, ஈரோட்டுப் பிள்ளைகள் முதல் நாளே தடுமாறும் இடம் ஒன்று உண்டு: பள்ளம் மேடாகத் தெரியும். வெளிச்சம் மேலிருந்து விழுவதாகவே கண் எடுத்துக்கொள்கிறது. படத்தில் சூரியன் கீழ்ப்பக்கம் இருந்தால் குழி கொப்புளம் மாதிரிப் புடைத்து நிற்கும். சூரியன் எந்தத் திசை என்று விவரக் கோப்பில் பார்த்து, வெளிச்சம் மேலே இருந்து வரும்படி படத்தைத் திருப்பிய பிறகே புள்ளி வைக்க வேண்டும்.

விட்டத்துக்கு விளிம்பின் உச்சியில் மூன்று புள்ளி போதும். மூன்றும் ஒரே பக்கம் நெருங்கினால் வட்டம் கோணிவிடும். ஆழத்துக்கு நிழல்தான் அளவுகோல். நேர் கீழே பார்த்து எடுத்த படத்தில், நிழல் நீளத்தைச் சூரிய உயரக் கோணத்தின் டேன்ஜென்டால் பெருக்க வேண்டும். சூரியன் 20 பாகையில் நிற்க, நிழல் 600 மீட்டர் என்றால் ஆழம் 218 மீட்டர். நிழல் நுனி தரையில் விழாமல் எதிர்ச் சுவரில் ஏறியிருந்தால் இந்தக் கணக்கு பொய். அப்போது சூரியன் இன்னும் உயர நிற்கும் வேறு படத்தைத் தேட வேண்டும்.

புதிதாக விழுந்த சின்னக் குழியின் ஆழம், விட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஏழெட்டு கிலோமீட்டரைத் தாண்டினால் இது செல்லாது. சுவர் சரிந்து படிப்படியாக நிற்கும், நடுவே மேடு எழும். சின்னதாக இருந்தும் ஆழம் மிகக் குறைவென்றால் ஒன்று மணல் நிரம்பியிருக்கும், அல்லது பெரிய குழியிலிருந்து தெறித்த கல் விழுந்த பள்ளமாக இருக்கும். தெறித்த பள்ளங்கள் பெரும்பாலும் கொத்தாகவோ வரிசையாகவோ கிடக்கும். குழிகள் எத்தனை என்று எண்ணித்தான் நிலத்தின் வயதைக் கணிக்கிறார்கள்; குழி கூடக்கூட நிலம் பழையது. தெறித்த பள்ளங்களையும் எண்ணிக்கையில் சேர்த்தால் வயது கூடிப்போகும். இந்த வேலையில் அதிகம் நடக்கும் பிழை இதுதான்.

எல்லாவற்றிலும் சொல்லிப் புரியவைக்கச் சிரமமானது விளிம்பு. காங்கேயம் பக்கம் தோட்டத்துக் கிணறு வெட்டிய மேட்டைக் காட்டினால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். முதலில் வெட்டிய செம்மண் அடியில், அதற்குமேல் சுக்காங்கல், உச்சியில் கடைசியாக வெடிவைத்து எடுத்த பாறை. நிலத்தின் அடுக்கு மேட்டில் தலைகீழாகக் கிடக்கிறது. விண்கல் குழியின் விளிம்பிலும் அதே தலைகீழ் வரிசை. அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள 1.2 கிலோமீட்டர் அகலக் குழியில் பாறையடுக்குகள் மடங்கிக் கவிழ்ந்திருப்பதை இன்றும் காணலாம். ஆழத்துக் கல் விளிம்பருகே விழும். மேல்மண் தூரம் போகும். ஆனால் குழியின் முழு ஆழத்துக் கல்லும் வெளியே வராது. அடிப்பகுதிப் பாறை நொறுங்கி, அங்கேயே அமுங்கிக் கிடக்கும்.