மூன்றாவது விளக்குக் கம்பம் வரை

11 பிப்ரவரி 2024, ஞாயிறு

கடையில் வேண்டியதெல்லாம் எடுத்துப் பணமும் கட்டியாகிவிட்டது. கார் மட்டும் கார் பார்க்கின் கடைசி வரிசையில் நின்றது. பாதி வழியில் வலது கால் மக்கர் செய்தது. வலி ஒன்றும் இல்லை. வண்டிமாடு நடுரோட்டில் படுத்துக்கொள்ளுமே, அந்த மாதிரி வரமாட்டேன் என்றுவிட்டது. டிராலியைப் பிடித்தபடி நின்றேன். பின்னால் ஒரு கார் காத்திருந்து, கடைசியில் ஹார்ன் அடித்தது. லண்டனில் லேசில் யாரும் ஹார்ன் அடிக்கமாட்டார்கள். அடித்தால் திட்டியதற்குச் சமம்.

கடை வாசலை ஒட்டி, சக்கர நாற்காலி வரைந்த கட்டங்கள் ஐந்தாறு காலியாகக் கிடந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டேதான் நின்றேன். அதில் நிறுத்தலாமா என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அது "அவர்களுக்கு" உரியது என்று மனதில் பதிந்து போயிருக்கிறது.

14 பிப்ரவரி, புதன்

எம்எஸ் நர்ஸிடம் போனில் ஞாயிற்றுக்கிழமைக் கதையைச் சொன்னேன். "ப்ளூ பேட்ஜ் வாங்கவில்லையா?" என்று சாதாரணமாகக் கேட்டார். அந்தச் சக்கர நாற்காலிக் கட்டங்களில் நிறுத்துவதற்கான அனுமதி அட்டை அது. நான் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறவன் என்றேன். "எவ்வளவு தூரம்? எந்த நாளில்?" என்றார். பதில் வரவில்லை. தினமும் இரண்டு வரி எழுதி வையுங்கள், பின்னால் உதவும் என்றார். இந்தக் குறிப்புகள் அப்படித் தொடங்கியவைதான்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு: 2019இல் எனக்கு மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்று சொன்னார்கள். சுருக்கமாக எம்எஸ். மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் மேலுறையை நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அரித்துவிடும். எலி கடித்த ஒயர் போல, விளக்கு சில நாள் எரியும், சில நாள் மினுக்கும். என் விஷயத்தில் அடி வாங்கியது வலது பாதம். கொஞ்ச தூரம் போனதும் அது மேலே தூக்காது, பெருவிரல் தரையில் இடறும். சின்ன வயதில் மதுரையில் வீட்டு வாசலில் நொண்டி ஆட்டத்தில் நான்தான் கெட்டிக்காரன். இப்போது கட்டமே போடாமல் ஆடுகிறேன்.

17 பிப்ரவரி, சனி

விண்ணப்பத்தை அரசின் இணையதளத்தில் நிரப்ப உட்கார்ந்தோம். முடிவு எடுப்பது அவரவர் வட்டாரத்துக் கவுன்சில், அதாவது உள்ளாட்சி.

நேரடியாகக் கிடைக்கிற வழி ஒன்று உண்டு. பிப் என்கிற ஊனமுற்றோர் உதவித்தொகையில் "நடமாட்டம்" என்ற பிரிவில் 8 புள்ளிகளோ அதற்கு மேலோ இருந்தால் கூடுதல் பரிசோதனை கிடையாது. 50 மீட்டருக்கு மேல் நடக்க முடியாதவர்களுக்கு 8. எனக்குப் போட்டது 4. அதாவது 50 தாண்டுவேன், 200 தாண்டமாட்டேன் என்பது அவர்கள் கணக்கு. ஆக, நான் பரிசோதனைக்குப் போகவேண்டிய கூட்டத்தில் சேர்ந்தவன்.

எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்ற இடத்தில் 200 மீட்டர் என்று தட்டினேன். மனைவி பக்கத்தில் இருந்தாள்.

"யாரு, நீங்களா?"

"நல்ல நாள்ல நடக்கிறேன்ல?"

"போன மாசம் நல்ல நாள் எத்தன?"

மகளுக்குப் பதின்மூன்று வயது. அவள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தெருவுக்கே போய்விட்டாள். எங்கள் தெருவில் இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவே 32 மீட்டர் என்று அளந்து வந்தாள். அதன் பிறகு கணக்குச் சுலபமாகிவிட்டது. வீட்டு வாசல் கம்பத்திலிருந்து புறப்பட்டால் இரண்டாவது கம்பத்தில் பாதம் கனக்கும். மூன்றாவதில் இடறும். நான்காவதுக்குப் போய்ச் சேருவது சாமி விட்ட வழி. 200ஐ அழித்து 60 முதல் 90 என்று எழுதினேன். எழுதியபோது ஏதோ பொய் சொல்கிற மாதிரி இருந்தது. முன்னால் எழுதிய 200தான் பொய்.

"எப்படி இருக்கே?" என்று யார் கேட்டாலும் "நல்லா இருக்கேன்" என்று சொல்லியே வளர்ந்தோம். நல்லா இல்லை என்பதைத் தலைப்புத் தலைப்பாகப் பிரித்து எழுது என்கிறது படிவம்.

18 பிப்ரவரி, ஞாயிறு

அம்மாவிடம் வீடியோவில் பேசும்போது மகள் உளறிவிட்டாள். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அதக் கண்ணாடில ஒட்டி வக்கணுமாப்பா? நம்ம சனங்க பாக்குமே" என்றாள். ஒட்ட வேண்டாம்மா, முன்னால் வைத்தால் போதும், இறங்கி வந்ததும் எடுத்துவிடலாம் என்றேன். அவளைச் சமாதானப்படுத்தச் சொன்னதா, எனக்கே சொல்லிக்கொண்டதா, தெரியவில்லை.

நம் ஊர் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் எம்எஸ்ஸும் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். சட்டம் அம்மாவை ஒன்றும் செய்யவில்லை. "கை காலு நல்லாத்தான இருக்கு" என்றாள்.

9 ஏப்ரல், செவ்வாய்

இன்று பரிசோதனை. காலை பத்து மணி, நல்ல குளிர். சீக்கிரமே போய் முக்கால் மணி நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். சோதித்தவர் ஒரு பிசியோதெரபிஸ்ட். சின்ன வயதுப் பெண், மரியாதையாகப் பேசினார். சக்கரம் பொருத்திய ஒரு தடியைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தார். நாம் நடக்க நடக்க மீட்டர் ஓடும்.

என்ன ஆயிற்றென்றால், நான் நிமிர்ந்து நடந்தேன். வானிலை பற்றிப் பேசிக்கொண்டே நடந்தேன். "நிற்க வேண்டுமென்றால் நில்லுங்கள்" என்று இரண்டு முறை சொன்னார். வேண்டாம் என்று இரண்டு முறையும் நானே சொன்னேன். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி காரில் ஏறியதும் சொன்னாள்: "பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ள மாதிரி நடந்தீங்க."

வீட்டுக்கு வந்து படுத்தவன் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் எழுந்தேன். அதை அளக்கச் சக்கரத் தடி கிடையாது.

2 மே, வியாழன்

நிராகரித்துவிட்டார்கள். 80 மீட்டருக்கு மேல் நடந்தார், நடையில் மிகுந்த சிரமம் காணப்படவில்லை என்று கடிதம். படித்ததும் கோபம்தான் வந்தது. ஆனால் அதில் எந்த வரி தவறு என்று தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. அன்றைக்கு அவர் பார்த்தது அதுதானே.

80 என்பது அவர்களுக்கு ஒரு குத்துமதிப்பான கோடு. அதைத் தாண்டி நடந்தாலும், நடக்கும் விதம், வேகம், நின்று நின்று போவது, விழுகிற ஆபத்து இவற்றையும் பார்க்கவேண்டும் என்பதே விதி. இவற்றில் நான் எதையுமே காட்டவில்லை. என் நரம்பியல் மருத்துவர் கூட 25 அடி நடக்கச் சொல்லித்தான் நேரம் பார்ப்பார். 25 அடியில் நான் ராஜா. ஏழரை மீட்டரில் முடிகிற கடை எங்கே இருக்கிறது?

உதவித்தொகை விஷயத்தில் தீர்ப்பாயம் வரை போகலாம். பேட்ஜுக்கு அந்த வழி கிடையாது. அதே கவுன்சிலிடம் மறுபடி பாருங்கள் என்று கேட்கவேண்டியதுதான்.

இன்றைக்குத்தான் லண்டன் மேயர் தேர்தல். வாக்குச்சாவடி நான்கு கம்பம் தள்ளி. மனைவி காரில் கொண்டுபோய் விட்டாள்.

6 மே, திங்கள்

மறுபரிசீலனைக்குச் சேர்த்து அனுப்ப, நர்ஸ் சொன்னபடி இரண்டு வாரக் கணக்கு. இன்று: மூன்று கம்பம், ஒரு இடறல், திரும்பும்போது பக்கத்து வீட்டுச் சுவரைப் பிடித்தேன்.

8 மே, புதன்

இரண்டு கம்பம்.

10 மே, வெள்ளி

பகலில் நல்ல வெயில். ஒரு கம்பத்தோடு சரி. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் மகள் கத்திக்கொண்டு வந்து எழுப்பினாள். வானம் முழுக்க ரோஜா நிறமும் பச்சையும். துருவ ஒளியாம், லண்டனிலேயே தெரிந்தது. தெருவே சட்டைமேல் கோட்டு மாட்டிக்கொண்டு கோடியில் இருக்கும் பூங்காவுக்கு நடந்தது, அங்கே இருட்டு அதிகம் என்று. நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அங்கிருந்தும் நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் படிவத்தில் இதற்கு ஒரு தலைப்பு இருந்தால் எழுதியிருப்பேன்.

20 மே, திங்கள்

கணக்கு, நர்ஸின் கடிதம், போன வருடம் விழுந்து கட்டுப் போட்ட மணிக்கட்டின் மருத்துவமனைக் குறிப்பு, எல்லாம் போயாயிற்று.

26 ஜூன், புதன்

மறுபரிசோதனைக்கு மத்தியானம் இரண்டரை மணி கொடுத்தார்கள். வெளியே 30 டிகிரியை ஒட்டி. மதுரைக்காரனுக்கு 30 எல்லாம் ஒரு வெயிலா என்று தோன்றும். எம்எஸ்காரனுக்கு அப்படியில்லை. உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினால்கூட, உறை போன நரம்பு செய்தியைக் கடத்தத் திணறும். 1890இலேயே ஊட்டாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் இதைக் குறித்து வைத்திருக்கிறார். எனக்கு மாதாமாதம் ஏதாவது ஒரு வெந்நீர்க் குளியல் அதை ஞாபகப்படுத்தும்.

அதே கட்டடம், அதே வழி, வேறொரு பிசியோதெரபிஸ்ட், இந்த முறை நடுவயது ஆண். இருபது மீட்டரில் பாதம் தரையைத் தேய்க்கும் சத்தம் எனக்கே கேட்டது. நாற்பதைத் தாண்டியதும் சுவரில் சாய்ந்தேன். "நிற்கலாமா?" என்று கேட்டது இந்த முறை நான். அவர் தடியை நிறுத்தி எதையோ எழுதிக்கொண்டார். நல்ல நாளில் எப்படி, இந்த மாதிரி நாள் வாரத்தில் எத்தனை, நடந்த மறுநாள் எப்படி இருக்கும் என்று பொறுமையாகக் கேட்டார். வாய் "பரவாயில்லை" என்று ஆரம்பித்ததை அடக்கிக்கொண்டு உள்ளதைச் சொன்னேன்.

வந்த வழியில் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. கார் ஏசியை என் பக்கம் திருப்பிவிட்டாள். வெயில் வந்து சாட்சி சொன்னதால் தப்பித்தேன். இதே பரிசோதனை ஜனவரியில் வந்திருந்தால்?

8 ஜூலை, திங்கள்

வந்துவிட்டது. 10 பவுண்ட், மூன்று வருடத்துக்கு. ஸ்காட்லாந்தில் 20, வேல்ஸில் இலவசம் என்கிறார்கள். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய அட்டை. மேலே சக்கர நாற்காலிப் படம், பின்னால் குற்றவாளி மாதிரி முழிக்கும் என் படம். கூடவே அட்டையில் செய்த நீலக் கடிகாரம், வந்த நேரத்தைத் திருப்பி வைக்க. சாலையோர மஞ்சள் கோட்டில் மூன்று மணி நேரம் வரை நிறுத்தலாம். சாமான் இறக்க ஏற்றத் தடை போட்ட இடம் ஆகாது. மத்திய லண்டனில் சில பகுதிகளில் விதியே வேறு. பேட்ஜ் காருக்கு அல்ல, ஆளுக்கு. நான் இல்லாமல் வேறு யாராவது இதை வைத்து நிறுத்தினால் 1,000 பவுண்ட் வரை அபராதம். மனைவி இதை மகளுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினாள், அவள் என்னமோ நாளைக்கே கார் ஓட்டப்போகிற மாதிரி.

தூக்கம் வராமல் இதன் வரலாற்றைத் தேடினேன். ஆல்ஃப் மோரிஸ் என்ற எம்பி கொண்டுவந்த 1970 சட்டத்தில் பிறந்தது இது. முதலில் ஆரஞ்சு நிறம். அவருடைய அப்பா முதல் உலகப் போரில் விஷவாயுவால் உடம்பு கெட்டவர். வெளியே தெரியாத குறைபாடுகளையும் இங்கிலாந்தில் வெளிப்படையாகச் சேர்த்தது 2019 ஆகஸ்டில். எனக்கு எம்எஸ் என்று சொன்ன அதே வருடம்.

14 ஜூலை, ஞாயிறு

கோயிலுக்குப் போனோம். வாசல் அருகே கட்டம் காலி. அட்டையை வைத்து, கடிகாரத்தைத் திருப்பி, இறங்கினேன். வேட்டி, பட்டைத் திருநீறு, ஆள் பார்க்க ஜம்மென்று. ஒரு பெரியவர் விறுவிறுவென்று வந்தார்.

"தம்பி, அது முடியாதவங்களுக்கு."

"தெரியும்யா. என்கிட்ட பேட்ஜ் இருக்கு."

"அப்பாவோடதா?"

மனைவி வாயைத் திறக்கப் போனாள். நான் கையைக் காட்டினேன். சட்டையை மடித்துத் தழும்பு காட்ட நமக்குத் தழும்பும் கிடையாது. "என்னோடதுதான்யா, நரம்புல பிரச்சின" என்றேன். என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பிறகு மறுபடி காலை. "பாத்தா தெரியல" என்றார். அவருக்கு அது வாழ்த்து. எனக்கு மே மாதம் வந்த நிராகரிப்புக் கடிதம் ஞாபகம் வந்தது.

திரும்பும்போது பிரசாதத் தொன்னையோடு கார் அருகே நின்றிருந்தார். எதற்கு என்று பார்த்தால், அவர் முழங்காலுக்கும் இது கிடைக்குமா என்று கேட்டார். பத்து நிமிடம் பேசினோம். மோசமான நாளைச் சொல்லுங்கள், நிமிர்ந்து நடக்காதீர்கள் என்றேன். சர்க்கரைப் பொங்கலில் பாதியைத் தந்தார்.

20 ஜூலை, சனி

அதே கடை. வாசலை ஒட்டிய கட்டத்தில் நிறுத்தினேன். கதவுக்கு அரைக் கம்பம்கூட வராது. உள்ளே அரிசி வரிசை வரை நானே போய், கத்தரிக்காய் பொறுக்கி, கருவேப்பிலை இல்லை என்று கடைப் பையனிடம் சண்டையும் போட்டேன். பையெல்லாம் ஏற்றி உட்கார்ந்த பிறகுதான் தயிர் வாங்கவில்லை என்று தெரிந்தது.

மனைவிக்குப் போன் செய்து, தயிர் இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று கேட்பதுதான் வழக்கம். போனைக் கையில் எடுத்தேன். கதவைப் பார்த்தேன். பையை ஓரமாகத் தள்ளிவிட்டு, மறுபடி உள்ளே போனேன்.