வயிற்றுவலியில் ஆரம்பித்து டி.சி. வரை போன கதை

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன் இந்த வாரம் முழுக்கப் பள்ளிக்குப் போனான். அதற்குள் நாங்கள் பட்ட பாட்டில் வைத்தியத்துக்கான அலைச்சல் கொஞ்சம்தான். மீதியெல்லாம் காகிதத்துக்காக.

காலாண்டு விடுமுறை முடிந்ததும் தொடங்கியது. சீருடையை எடுத்தாலே வயிற்றுவலி. பள்ளி வேன் போன பிறகு தானாகக் குறையும். ஞாயிற்றுக்கிழமை எட்டிப் பார்க்காது. கேட்டால் எரிந்து விழுவான், கதவைச் சாத்திக்கொள்வான். ஸ்கேன், எண்டோஸ்கோபி எல்லாம் நார்மல். "நடிக்கிறான், ரெண்டு போடு போடு" என்றார்கள் சொந்தக்காரர்கள். ஒருத்தர் தாயத்தே வாங்கி வந்துவிட்டார்.

வலி நிஜம்தான், ஆனால் காரணம் வயிற்றில் இல்லாமல் இருக்கலாம் என்று முதலில் சொன்னவர் 14416-இல் பேசிய பெண். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது. இலவசம், எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுகிறார்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னதும் அவர்தான்.

போனோம். ஓ.பி. சீட்டு போடும் ஊழியர், வரிசை மொத்தமும் கேட்கும்படி, "மெண்டல் ஓ.பி.யாம்மா? பையனுக்கா?" என்றார். அத்தனை தலையும் திரும்பியது. மகன் ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்துவிட்டான். அன்றைய பயணம் வீண். அடுத்த தடவை அவனை மாமாவோடு டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் வரிசையில் நின்றேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

டாக்டர் என்னை வெளியே அனுப்பிவிட்டு அவனிடம் தனியாகப் பேசினார். பதற்றக் கோளாறு, கூடவே மனச்சோர்வு. இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக வராமல் கோபமாகவும் வருமாம். ரத்தச்சோகை, தைராய்டு பரிசோதனை, மாத்திரை, கவுன்சலிங் என்று அந்தப் பக்கம் ஒழுங்காகவே போனது. ஒரு எச்சரிக்கை மட்டும்: மாத்திரை வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும். ஆரம்ப வாரங்களில் பிள்ளையைக் கூர்ந்து கவனிக்கச் சொன்னார். மாத்திரை அட்டை பெரியவர்கள் கையில் இருக்கட்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள். சாவைப் பற்றி ஒரு வார்த்தை வந்தாலும் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் உடனே கூட்டிப் போங்கள்.

நிஜமான தலைவலி பள்ளியில்தான். சில நாள் கேட் வரை, அப்புறம் ஒரு பீரியடு, பிறகு அரை நாள் என்று பழக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். "அரை நாள் வர்றதுக்கெல்லாம் ரூல்ஸ் இல்ல, பேசாம டி.சி. வாங்கிக்கோங்க" என்றார் ஹெச்.எம். கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடிக்கும்வரைதான் பிள்ளையை வெளியேற்றக் கூடாது. இவன் ஒன்பது. அது அவருக்கும் நன்றாகவே தெரியும்.

என்ன வியாதி என்று கேஸ் ஷீட்டோடு வரச் சொன்னார். பள்ளிக்குக் கொடுக்க என்றால் தரவே மாட்டேன் என்றார் டாக்டர். 2017-ஆம் வருட மனநலச் சட்டப்படி நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டியது அவர் பொறுப்பு. 'சிகிச்சையில் இருக்கிறார், படிப்படியாக வகுப்புக்கு வர அனுமதிக்கவும்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். நோயின் பெயர் கிடையாது. அதை வாங்கிப் பார்த்த பள்ளி கிளார்க், "சீல் எங்கம்மா?" என்று திருப்பி நீட்டினார். மறுநாள் ஓடினால் டாக்டர் தாலுகா ஆஸ்பத்திரி முகாமுக்குப் போயிருந்தார். மாவட்ட மனநலத் திட்ட டாக்டர்கள் இப்படி வெவ்வேறு ஊருக்குப் போவார்கள், எந்தக் கிழமை எங்கே என்று முன்பே கேட்டு வையுங்கள். சீல், டாக்டரின் பதிவு எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்பதையெல்லாம் அங்கேயே நின்று சரிபார்த்து வாங்குங்கள்.

சீலோடு போனபோதும் டி.சி. பேச்சு வந்தது. "சரி சார், வாங்கிக்கச் சொல்றதை ஒரு லெட்டரா எழுதிக் குடுத்துடுங்க" என்றேன். ஹெச்.எம். மின்விசிறியைப் பார்த்தார், கிளார்க்கைப் பார்த்தார். "எழுத்தெல்லாம் எதுக்கும்மா, நாளைக்கே வரச் சொல்லுங்க."

இன்னும் வருகைக் குறைவு பஞ்சாயத்து பாக்கி இருக்கிறது. அதற்கும் இதே சான்றிதழைத்தான் கேட்பார்கள். ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள், 'பெற்றுக்கொண்டேன்' என்று இன்னொரு நகலில் கையெழுத்து வாங்குங்கள். ஒரிஜினல் பீரோவில் இருக்கட்டும்.