மாயை: ஒரு சொல்லின் இரண்டு பொருள்கள்

ஆகஸ்ட் 3

மாமாவின் பதினாறாம் நாள் காரியம் இன்று முடிந்தது. பந்தி ஓய்ந்த பிறகு, ஆறுதல் சொல்ல வந்த பெரியவர் ஒருவர், “எல்லாம் மாயை, மனசைத் தேற்றிக்கொள் அம்மா” என்று அத்தையிடம் சொன்னார். அதுவரை அழாமல் இருந்த அத்தை, “நாற்பது வருஷம் என் கையால் சோறு போட்ட மனுஷர் மாயையா?” என்று கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்கள்.

அந்தக் கேள்வி இரவு முழுவதும் என்னை விடவில்லை. உலகம் உள்பொருளா, வெறும் தோற்றமா என்று நம் நாட்டுச் சமயவாதிகள் நூற்றாண்டுகளாக வழக்காடியதெல்லாம் இந்த ஒரு வரியில் அடங்கிவிட்டதாக எனக்குத் தோன்றியது.

ஆகஸ்ட் 5

பிரம்மம் என்னும் பரம்பொருள் ஒன்றே மெய் என்ற அத்வைதத்துக்கு முதலில் நியாயம் செய்துவிட வேண்டும். மங்கிய வெளிச்சத்தில் கயிற்றைப் பாம்பென்று கண்டு அஞ்சுகிறோம். விளக்கு வந்ததும் பாம்பு மறைகிறது. ஆனால் அது ஓடிப்போகவில்லை, அங்கே ஒருபோதும் இருந்ததில்லை. உலகமும் பிரம்மத்தின் மேல் இப்படி ஏற்றிக் காணப்படும் தோற்றமே என்பது அக்கொள்கை. ஊர்ப்பேச்சில் வழங்கும் ‘மாயை’ இந்தக் கயிற்றரவின் வழியாகவே வந்திருக்கிறது.

ஆனால் அத்வைதத்தின் ஆசானான சங்கரர் உலகத்தைக் கனவென்று சொல்லித் தள்ளிவிட்டவர் அல்லர். பிரம்மசூத்திரத்துக்கு எழுதிய உரையான பாஷ்யத்தின் இரண்டாம் அத்தியாயத்தில், வெளிப்பொருளே இல்லை, உள்ளவை அறிவின் நிகழ்ச்சிகள் மட்டுமே என்ற பௌத்த விஞ்ஞானவாதிகளை மறுக்கும்போது, நனவில் காண்பது கனவில் காண்பதைப் போன்றதன்று என்று அவரே வாதிடுகிறார். பிரம்ம ஞானம் பிறக்கும்வரை உலக வழக்குகள் அனைத்தும் மெய்யாகவே நிற்கும் என்றும் சொல்கிறார். ஆகவே துக்க வீட்டில் வந்து, போனவர் பொய் என்று சொல்வதற்கு அத்வைதமும் இடம் தரவில்லை.

ஆகஸ்ட் 6

காண்பது மட்டுமே மெய் என்ற எதிர்ப்பக்கத்தையும் பார்க்க, மணிமேகலை பல சமயவாதிகளிடம் கேள்வி கேட்கும் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையைப் படித்தேன். தாதகிப் பூவும் கருப்பங்கட்டியும் பிறவும் கூடும்போது மதுவின் களிப்புப் பிறப்பதுபோல, நிலம், நீர் முதலான பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது என்றும், அவை பிரியும்போது அது பறையோசை போலக் கெடுகிறது என்றும் பூதவாதி சொல்கிறான். கண்ணால் காண்பதையே ஏற்பேன், அனுமானத்தை ஏற்கமாட்டேன் என்பவன் அவன். உன் தந்தை தாயரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று மணிமேகலை அவனைக் கேட்கிறாள். வஞ்சி மாநகரில் ஓர் இளம்பெண் கேட்டதாகச் சாத்தனார் வைத்த இந்தக் கேள்வி, காட்சி ஒன்றே போதும் என்பவரை இன்றும் நிறுத்தக்கூடியது.

ஆகஸ்ட் 9

அத்தையின் கேள்விக்கு நேராக முகம் கொடுப்பது சைவ சித்தாந்தமே என்று இப்போது எனக்குப் படுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களும் 40 அடிகளும் மட்டுமே கொண்ட மிகச் சிறிய நூல். அவருடைய மாணாக்கர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பிற கொள்கைகளை மறுக்கும் பகுதியான பரபக்கத்தில் உலகாயதன் முதல் பாஞ்சராத்திரி வரை 14 கொள்கையினரை வரிசையாக மறுத்தார், அவர்களுள் உலகைத் தோற்றம் என்னும் மாயாவாதியும் ஒருவன்.

சித்தாந்தமும் மாயை என்ற சொல்லையே ஆள்கிறது. ஆனால் அங்கே அதற்குப் பொருள் மயக்கம் அன்று. ‘மா’ என்றால் ஒடுங்குதல், ‘யா’ என்றால் தோன்றுதல் என்று பிரித்து, எதில் எல்லாம் ஒடுங்கி எதிலிருந்து மறுபடியும் தோன்றுகிறதோ அதுவே மாயை என்கிறார்கள். குடத்துக்கு மண் முதற்காரணம், திகிரி துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். அதுபோல உலகத்துக்கு மாயை முதற்காரணம், இறைவனுடைய சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணன். மண் பொய்யானால் குடம் ஏது? உள்ளது போகாது, இல்லது வாராது என்ற சற்காரியவாதத்தின் மேல் இந்தக் கட்டடம் முழுவதும் நிற்கிறது. குடம் உடைந்தால் அழிவது குடம் என்ற வடிவமே, ஓட்டிலும் மண் இருக்கிறது.

அசத்து என்ற சொல்லையும் இதே போலப் பார்க்க வேண்டும். சித்தாந்தத்தில் அசத்து என்றால் இல்லாதது அன்று, ஒருபடித்தாய் நில்லாமல் மாறுவது. நிலையாமைக்கும் இன்மைக்கும் உள்ள இந்த வேறுபாட்டைத்தான் அன்று அந்தப் பெரியவர் தவறவிட்டார். மாமா நிலைத்திருக்கவில்லை, ஆனால் இருந்தார்.

ஆகஸ்ட் 10

நேற்று எழுதியதில் ஓர் இடறல். சிவஞானபோதத்தின் ஏழாம் சூத்திரம் “யாவையும் சூனியம் சத்து எதிர்” என்று தொடங்குகிறது. சத்தின், அதாவது என்றும் மாறாத இறைவனின், முன்னே எல்லாம் சூனியம் என்றால், வாசலில் விரட்டிய மாயாவாதம் கொல்லை வழியாக வந்துவிட்டதா? அதே சூத்திரத்தின் கீழ் வரும் வெண்பாவில், மாயாவாதிக்குப் பிடித்தமான கானல்நீரையே, பேய்த்தேர் என்ற பெயரில், மெய்கண்டாரும் உவமையாக எடுக்கிறார். இதைப் படித்தபோது சிறிது கலங்கினேன்.

முழுச் சூத்திரத்தையும் பலமுறை சொல்லிப் பார்த்தபின் ஓரளவு தெளிந்தது. அது பேசுவது எது எதை அறியும் என்பதைப் பற்றி. பேரொளியின் முன் இருள் விளங்காததுபோல, சத்தின் முன் அசத்து விளங்கி நிற்பதில்லை. அதனால் சத்து அதைச் சுட்டி அறிவதில்லை. அசத்தோ சடம், அதற்கு அறிவே இல்லை. அப்படியானால் இரண்டையும் அறிவது எது? சத்தும் அசத்தும் அல்லாத ஆன்மா. படிகம் அருகிலுள்ள பூவின் நிறத்தை ஏற்பதுபோல, உயிர் சார்ந்ததன் வண்ணமாகும். நாற்பது வருஷம் ஒருவரைச் சார்ந்திருந்த உயிர் அவர் வண்ணமாகவே இருப்பதற்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் அந்தப் பேய்த்தேர் உவமை இன்னும் நெருடுகிறது.

ஆகஸ்ட் 14

அத்தையைப் பார்த்துவிட்டு வந்தேன். மண்ணையும் குடத்தையும் பற்றிச் சொன்னபோது இடைமறிக்காமல் கேட்டவர்கள், “உடம்பு மண்ணுக்குப் போச்சு, சரி. அவர் எங்கே இருக்கார்?” என்றார்கள். உடம்பு மாயையின் காரியம், உயிர் அப்படியன்று. மூன்றாம் சூத்திரம் உடம்பை மாயா இயந்திரம் என்று சொல்லி, ‘எனது உடல்’ என்று உடைமையாகப் பேசுகிறோமே, அப்படிப் பேசுகிறவன் உடம்பினும் வேறானவன் அல்லவா என்று காட்டுகிறது என்றேன். அத்தை, ‘எனது உடல்’ என்ற அந்தச் சொற்களை மட்டும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்கள்.

புறப்படும்போது, பெரிய எழுத்தில் எழுதிக்கொடு, கண்ணாடி போட்டும் சரியாகத் தெரிவதில்லை என்றார்கள். மாமாவின் பழைய கணக்கு நோட்டில் மீதமிருந்த தாள்களில் மூன்று சூத்திரங்கள் வரை எழுதி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மற்ற ஒன்பதை ஞாயிற்றுக்கிழமை எழுத வேண்டும்.