கிலோவுக்கு 0.9, நாளுக்கு 6 கிராம்

"வரம்புக்குள்ள இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குச் சாம்பிள் அனுப்பியவர். வரம்புக்குள்தான் இருந்தது. அகாரிகஸ் பிளேசி காளான் தூள், அதில் காட்மியம் என்ற நச்சு உலோகம் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம். துணை உணவுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் வரம்பு 1.0. ரிப்போர்ட்டும் அப்படியே போனது.

ஆனால் டப்பா லேபிளில் தினம் 6 கிராம் என்று இருந்தது. கிராமுக்கு 0.9 மைக்ரோகிராம் என்றால் 6 கிராமில் 5.4. மருந்துகளில் கலந்திருக்கும் உலோகங்களுக்கான சர்வதேச வழிகாட்டுதலான ஐசிஎச் க்யூ3டி, வாய்வழி மருந்துகளுக்கு அனுமதிப்பதோ நாளுக்கு 5 மைக்ரோகிராம். துணை உணவாக விற்றால் தேறும் தூள், மருந்தென்று விற்றால் தேறாது. வாங்குகிறவரோ மருந்தாக நினைத்துத்தான் விழுங்குகிறார்.

அளவீட்டில் சந்தேகம் இல்லை. 0.5 கிராம் தூளை நைட்ரிக் அமிலத்தில், மூடிய கலத்தில், மைக்ரோவேவில் கரைத்தோம். தனிமங்களை நிறையால் பிரித்து அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில், காட்மியத்தின் 111 நிறையுள்ள ஐசோடோப்பை மட்டும் நம்ப முடியாது. மாலிப்டினம் ஆக்சைடும் அதே நிறையில் வந்து எண்ணைக் கூட்டிக் காட்டும். 114இல் வெள்ளீயம் குறுக்கிடும். திருத்தம் செய்த பிறகு இரண்டும் ஒத்துப்போயின. அகாரிகஸ் பேரினத்தில் சில காளான்கள் காட்மியத்தைத் திரட்டுவதில் பேர் போனவை. பச்சைக் காளானில் சுமார் 90 சதவீதம் தண்ணீர் என்பதால், காய்ந்ததும் செறிவு பத்து மடங்காகிவிடும்.

அளப்பதுதான் ஆய்வுக்கூடத்தின் வேலை, எவ்வளவு சாப்பிடலாம் என்று சொல்வது அல்ல. இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையக் கணக்குப்படி 60 கிலோ எடையுள்ளவர் வாரத்துக்கு 150 மைக்ரோகிராம் வரை தாங்குவார். இந்தத் தூளிலிருந்து வருவது 37.8, கால் பங்குதான். இப்படிப் பார்த்தால் பதறத் தேவையில்லை.

ஆனால் மீதி முக்கால் பங்கில்தானே தானியமும் காய்கறியும் தரும் காட்மியமும் அடங்க வேண்டும்? சிறுநீரகத்தில் சேர்ந்த காட்மியம் பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். இரும்புச்சத்து குறைந்த உடம்பு அதை இன்னும் அதிகமாக உறிஞ்சும். 2016இல் சீன உணவு, மருந்து நிர்வாகம் கார்டிசெப்ஸ் என்ற மருந்துப் பூஞ்சையில் கிலோவுக்கு 4.4 முதல் 9.9 மில்லிகிராம் வரை ஆர்சனிக் இருப்பதாக எச்சரித்தபோதும், நீண்டநாள் சாப்பிட்டால் உடம்பில் சேரும் என்பதைத்தான் காரணமாகச் சொன்னது.

லேபிளில் 6ஐ 5 ஆக்கினாலே நாளுக்கு 4.5 மைக்ரோகிராமாக இறங்கிவிடும். கேட்காத வாடிக்கையாளரிடம் இதை ரிப்போர்ட்டில் ஒரு வரியாக எழுதலாமா, போனில் சொல்லிவிட்டால் போதுமா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. எழுதினால் 'வரம்புக்குள்' என்ற தீர்ப்பை நாமே மறுத்ததாகிவிடும். போனில் சொன்னால், அது அந்தத் தூளை விழுங்குகிறவர் வரை போய்ச் சேராது.