புள்ளி வாத்தியார்

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த செய்தியும் வாத்தியார் காலமான செய்தியும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன. அவர் பெயர் தேவையில்லை. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு கட்டுரை எழுதியவர்களுக்குப் 'புள்ளி வாத்தியார்' என்றாலே போதும்.

மெய்யெழுத்தில் புள்ளி விட்டுப்போனால் அவர் அடிக்கமாட்டார். எழுதியிருப்பதை அப்படியே உரக்கப் படிப்பார். "என அமமா பாலமரம வெடடப போவார." சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அடுத்த வரிக்குப் போவார். அது என் நோட்டு. இடைநிலைப் பள்ளியின் புதுமுக வகுப்புக்குப் போனபோது 'அமமா' என்ற பட்டப்பெயரும் கூடவே பஸ் ஏறி வந்தது.

ஓலை கிழியும் என்று அந்தக் காலத்தில் சுவடிகளில் புள்ளி வைக்கமாட்டார்கள், படிப்பவன் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று சொன்னவரும் அவர்தான். நான் இப்போது செய்யும் வேலையான மரபணுத் தொடரைப் படிப்பதிலும் இதே தொல்லை. டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின்மேல் மெத்தில் என்ற சிறு வேதிக்குறி ஏறினாலும் எழுத்து மாறாது. மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் நெருங்கிச் சேர்ந்தால் அந்த மரபணு பெரும்பாலும் வாயடைத்துப்போகும். ஆனால் பெருக்கிப் படிக்கும் வழக்கமான முறையில் அந்தப் புள்ளி கண்ணுக்குப் படாது.

அதைக் கண்டுபிடிக்கத்தான் பைசல்ஃபைட் என்ற வேதிப்பொருள். டி.என்.ஏ.வை 95 டிகிரிக்கு மேல் சூடாக்கி இரண்டு இழையையும் பிரித்து, அமிலத்தன்மையுள்ள சோடியம் பைசல்ஃபைட் கரைசலில் பல மணி நேரம் வைத்து, பிறகு காரத்தால் கழுவ வேண்டும். மெத்தில் இல்லாத சைட்டோசின் யுராசில் என்ற வேறு எழுத்தாகி, பி.சி.ஆர். என்னும் பெருக்கும் முறையில் தைமினாக வரும். மெத்தில் உள்ளது அப்படியே நிற்கும். இழைகள் சரியாகப் பிரியாவிட்டால் மாறாமல் தங்கியதெல்லாம் மெத்தில் என்று பொய் சொல்லும். பயந்து கூடுதல் நேரம் வைத்தால் டி.என்.ஏ. துண்டு துண்டாக நொறுங்கும். அதனால்தான் 300 எழுத்துக்குள் பெருக்குவது நல்லது. மெத்தில் இல்லாத லாம்டா என்ற வைரஸின் டி.என்.ஏ.வைக் கொஞ்சம் கலந்துவிட்டு, அது 99 சதவீதத்துக்கு மேல் மாறியிருக்கிறதா என்று பார்க்காத முடிவை நான் நம்புவதில்லை. மூளைத் திசுவில் இன்னொரு வம்பு: மெத்திலின் மாறிய வடிவமான ஹைட்ராக்சிமெத்தில் அங்கே ஏராளம், பைசல்ஃபைட்டுக்கு அதுவும் மெத்திலும் ஒன்றுதான். மூளையில் அது இருப்பது 2009இல்தான் தெளிவானதால், அதற்கு முந்தைய மூளை ஆய்வுகளை இந்தச் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும்.

மரபணுமேல் ஏறும் இந்தக் குறிகளைப் படிக்கும் துறைக்குள் பலரை இழுத்தது 2004இல் மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்திலிருந்து மைக்கேல் மீனி, மோஷே சிஃப் குழு வெளியிட்ட ஆய்வு. பிறந்த முதல் வாரத்தில் தாய் எலி நிறைய நக்கிக் கோதி வளர்த்த குட்டிகளுக்கு, மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியில் மன அழுத்த ஹார்மோன் ஏற்பி மரபணுவின் முகப்பில் மெத்தில் குறைவு. ஏற்பி அதிகம் என்பதால் பதற்றம் சீக்கிரம் அடங்கும். குட்டிகளை மாற்றி வளர்த்தால் குறியும் வளர்த்தவளைப் பொறுத்தே அமைந்தது.

இதைப் படித்த தோட்டத்துப் பிள்ளைக்கு தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை நினைவுக்கு வராமல் இருக்குமா? விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்துக்கு, போன அம்மாக்கள், தொட்டிலை ஆட்டிய ஆயா. ஆனால் எலியிலிருந்து லயத்து வீட்டுப் பிள்ளைகளுக்குத் தாவுவது அறிவியல் அல்ல. 2009இல் இறந்தவர்களின் மூளையில் இதே குறியைத் தேடியபோது கையில் இருந்தவை 36 மூளைகள்தான்.

இப்போது ஊரில் பால்மரம் நின்ற இடமெல்லாம் பாமாயில் தரும் செம்பனை. திசு வளர்ப்பில் வந்த கன்றுகள் சில உருக்குலைந்த, எண்ணெய் குறைந்த பழம் தரும். காய்க்கும்வரை தெரியாது என்பதால் நட்டவருக்குச் சில வருடங்கள் வீண். காரணத்தை 2015இல் மலேசியச் செம்பனை வாரிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்: பூவின் உறுப்பை நிர்ணயிக்கும் மரபணுவுக்குள் உட்கார்ந்திருக்கும் இடம் மாறித் தாவக்கூடிய ஒரு டி.என்.ஏ. துண்டில் மெத்தில் உதிர்ந்துபோவதுதான். அந்தத் துண்டின் பெயர் கார்மா. புள்ளி விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு வாத்தியாருக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைத்திருக்காது.

கடைசியாகப் பார்த்தபோது, "அங்க என்னப்பா பண்ற?" என்று கேட்டார். "எலி மூளை ஆராய்ச்சி சார்" என்றேன். "நல்லது, நல்லது" என்று தலையாட்டினார். புள்ளியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். ஈப்போ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.