அலெக்சாந்திரியாவை வரைபடத்தோடு படித்தல்: புவியியல் விருப்பப்பாட அனுபவம்

குடிமைப் பணி முதன்மைத் தேர்வுக்குப் புவியியலை விருப்பப்பாடமாக எடுத்துத் தமிழில் விடையெழுதுவோர், மத்தியதரைக்கடல் பகுதியைப் பொதுவாகப் படிப்பதோடு நிறுத்தாமல், அக்கடலோரத் துறைமுக நகரம் ஒன்றையாவது காரண காரியத்தோடு படித்து வைத்திருப்பது நல்லது. நான் எடுத்துக்கொண்டது எகிப்தின் அலெக்சாந்திரியா.

குறிப்பெடுப்பதற்கு முன்பே படம் வரைந்துவிடுவேன். வடக்கே கடல், தெற்கே மரியூத் ஏரி, இடையில் கரைக்கு இணையாக நீளும் சுண்ணாம்புக்கல் மேடு, எதிரே ஃபாரோஸ் தீவு. இவற்றோடு கடல் நீரோட்டத்துக்கு ஓர் அம்புக்குறி இட்டால், கி.மு. 331இல் அலெக்சாந்தர் தேர்ந்த இந்த இடம் துறைமுகத்துக்கு ஏன் பொருத்தமானது என்பது விளங்கிவிடும். இக்கரையோரம் நீரோட்டம் மேற்கிலிருந்து கிழக்காகச் செல்வதால், நைல் கொண்டுவந்த வண்டலில் பெரும்பகுதி கிழக்கே ஒதுங்கியது. கழிமுகங்களுக்கு மேற்கே இருந்த துறைமுகம் அதனால் தூர்ந்துபோகாமல் தப்பியது. பிரான்சின் தென்கரையில் நீரோட்டம் மேற்கு நோக்கியது என்பதால், மார்சேய் துறைமுகம் ரோன் கழிமுகத்துக்குக் கிழக்கே பாதுகாப்பாக அமைந்திருக்கிறது. இந்த ஒப்பீட்டை ஒரே வரியில் எழுதினாலும் விடைக்குக் கனம் கூடும்.

அலெக்சாந்தருக்குப் பின் எகிப்தை ஆண்ட தாலமி அரசர்கள் காலத்தில் தீவையும் கரையையும் இணைத்து ஏறக்குறைய 1.2 கி.மீ. நீளத்துக்குக் கல்லணை கட்டினார்கள். அதன் இருபுறமும் மணல் சேர்ந்து சேர்ந்து அகன்ற நிலமாகி, இன்று அதன்மேல் தெருக்களும் வீடுகளும் நிற்கின்றன. தீவைக் கரையோடு மணல்திட்டு இணைக்கும் டொம்போலோ என்ற நிலத்தோற்றத்துக்கு, மனிதர் தொடங்கிவைத்து அலைகள் முடித்த இதைவிடச் சுவையான எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை.

காலநிலைப் பகுதியில்தான் கவனம் வேண்டும். கடலின் பெயரை வைத்தே மத்தியதரைக்கடல் காலநிலை என்று எழுதிவிடத் தோன்றும். மழை குளிர்காலத்தில் பெய்வது உண்மைதான். ஆனால் ஆண்டு மழை சுமார் 200 மி.மீ. மட்டுமே என்பதால், கோப்பென் காலநிலை வகைப்பாட்டில் இந்நகர் வெப்பப் பாலைவனத்தில் சேர்கிறது. கோடையில் துணை வெப்பமண்டல உயரழுத்தம் மழையை முற்றிலும் தடுக்கிறது; குளிர்காலத்தில் கிழக்கே நகரும் தாழ்வழுத்தங்களின் தென்விளிம்பு மட்டுமே இந்நகர் இருக்கும் 31° வட அட்சத்தை உரசிச் செல்கிறது. அந்தப் புயல்களுக்கு உள்ளூர் மக்கள் வழிவழியாகப் பெயரிட்டு, ஒவ்வொன்றும் எந்த நாட்களில் வரும் என்று கணக்கும் வைத்திருக்கிறார்கள். ஜூலையில் கெய்ரோவின் பகல் வெப்பம் 35° செல்சியஸை ஒட்டியிருக்க, இங்கு வடமேற்குக் கடற்காற்று அதை 30° அளவில் நிறுத்துகிறது. வசந்தத்தில் பாலைவனத்திலிருந்து வீசும் கம்சின் காற்றையும் விடக்கூடாது.

1970இல் நைலின் குறுக்கே அஸ்வான் உயரணை நிறைவடைந்தபின் வண்டல் வரத்து ஏறத்தாழ நின்று, கிழக்கே நைல் கழிமுகத்திலுள்ள ரொசெட்டா முனையைக் கடல் வேகமாக அரித்ததையும் அதே படத்தில் குறித்துக்கொண்டால், கடலரிப்பு பற்றிய வினாவுக்குத் தனியாகப் படம் வரைய வேண்டியதில்லை.