காயவிட மனசு வராதது ஏன்?

டெல்டாவில் தண்ணீரின் அருமையை யாருக்கும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் நெல்வயலைச் சற்றுக் காயவிட்டு மறுபடி தண்ணீர் கட்டும் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' முறைக்கு மனசு வருவதில்லை. நட்ட வயலில் தண்ணீர் வற்றினால் கை தானாக மோட்டார் சுவிட்சுக்குப் போகிறது. மீத்தேன் எடுப்புத் திட்டத்தை எதிர்த்துப் போராடிய ஊரில், தண்ணீர் தேங்கிய நெல்வயலும் மீத்தேன் விடுகிறது என்றால் முகம் சுளிக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் ஆபத்துக்குக் கோபப்படுவது சுலபம்.

அக்கறை மட்டும் இருந்தால் போதாது என்கிறது உளவியலாளர் ஐசெக் ஐசன் 1991ல் விளக்கிய கோட்பாடு. சுற்றியிருப்பவர்கள் என்ன சொல்வார்கள், இது நம்மால் முடியுமா என்ற இரண்டும் சேர்ந்துதான் ஒருவரைச் செயலில் இறங்க வைக்கும். முறைப்பாசனத்தில் அடுத்த முறை எப்போது வருமோ என்றிருக்கும் கடைமடைக்காரர் வந்த தண்ணீரைத் தேக்குவது அலட்சியமில்லை. வயலுக்கு வயல் பாயும் இடத்தில் ஒருவர் மட்டும் காயவிடவும் முடியாது. ஆகவே காய்ச்சலும் பாய்ச்சலும் முறையை ஃபில்டர் பாயிண்ட் என்ற சொந்தக் குழாய்க்கிணறு உள்ளவர்களிடம்தான் முதலில் பேச வேண்டும். அங்கே மின்சாரம் இலவசம் என்பதால் காசு மிச்சம் என்ற பேச்சு எடுபடாது. வேர் காய்ந்துவிடுமோ என்ற பயத்தைத்தான் போக்க வேண்டும்.

அதற்கு ஒரு அடி நீளம், 4 முதல் 6 அங்குல விட்டமுள்ள பி.வி.சி. குழாய் போதும். கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளையிட்டு, அரை அடி மண்ணுக்குள் இறக்கி, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிடுங்கள். மேடும் பள்ளமுமில்லாத இடமாக, வரப்பிலிருந்து பார்க்கத் தோதாக இருக்கட்டும். தண்ணீர் கட்டியதும் உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டம் இல்லையென்றால் துளை அடைத்திருக்கிறது. பிடுங்கி மறுபடி நடுங்கள்.

"சிக்கனமாக இருப்பேன்" என்பதைவிட "இன்னது நடந்தால் இன்னது செய்வேன்" என்ற தீர்மானம் நிலைக்கும் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999ல் காட்டினார். இங்கே அது இப்படி: குழாயில் தண்ணீர் மண் மட்டத்திலிருந்து அரை அடி கீழே இறங்கினால் மோட்டார் போடுவேன், அதுவரை தொடமாட்டேன்.

"எல்லாரும் வீணாக்குகிறார்கள்" என்று கூட்டத்தில் திட்டாதீர்கள். அதுவே ஊர் வழக்கம் என்றாகிவிடும். 2007ல் வெளியான ஒரு கலிஃபோர்னியா ஆய்வில், அக்கம்பக்கத்துச் சராசரியைத் தெரிந்துகொண்டதும் குறைவாக மின்சாரம் செலவழித்த வீடுகள் செலவைக் கூட்டின. பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம் வரைந்து பாராட்டியபோது அப்படி நடக்கவில்லை.

நட்ட முதல் இரண்டு வாரம் காயவிட்டால் களை மண்டும். பூக்கும் தருணத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் 2 அங்குலத் தண்ணீர் நிற்கட்டும். அப்போது காய்ந்தால் பதர்தான். களிமண் பெரிதாக வெடிக்குமளவு காயவிட்டால் அடுத்த பாய்ச்சல் வெடிப்பு வழியே இறங்கிவிடும். நண்டு வளை, எலி வளை இருக்கிற வரப்பில் குழாய் சொல்லும் கணக்கும் செல்லாது. முதலில் வளையை அடைத்து வரப்பைச் சேறு பூசி அணைத்துவிடுங்கள்.